இரண்டாவது சூப்பர்வைசர் கார்டு உண்மையிலேயே தயாராக உள்ளதா?

தரமணி, சிறுசேரி பக்கத்து அலுவலகங்களில் சேசிஸ் வகை சுவிட்சை, அதாவது கார்டுகளைச் செருகிப் பயன்படுத்தும் பெரிய நெட்வொர்க் சுவிட்சைப் பராமரிப்பவர்கள், அதன் மூளையான சூப்பர்வைசர் கார்டுக்குத் துணையாக உள்ள இரண்டாவது கார்டில் பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச் என்றால், ‘ஷோ ரிடன்டன்சி’ கட்டளையைக் கொடுத்து, துணைக் கார்டின் நிலை ‘ஸ்டாண்ட்பை ஹாட்’ என்று வருகிறதா எனப் பாருங்கள். அப்படி வந்தால் எஸ்எஸ்ஓ (ஸ்டேட்ஃபுல் ஸ்விட்ச்ஓவர்) முறை, அதாவது இணைப்புகளின் நிலையைத் துணைக் கார்டும் உடனுக்குடன் அறிந்து வைத்திருக்கும் முறை, இயங்குகிறது. முதல் கார்டு நின்றாலும் போர்ட்டுகள் அறுந்துபோகாமல் இரண்டாவது கார்டு பொறுப்பேற்கும். ‘ஸ்டாண்ட்பை கோல்ட்’ என்று வந்தால், பெரும்பாலும் இரு கார்டுகளிலும் உள்ள ஐஓஎஸ் எனும் சிஸ்கோ இயக்க மென்பொருளின் பதிப்புகள் வேறுபட்டிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுதான். பழுதான கார்டுக்கு மாற்றாக வந்தது பழைய பதிப்புடன் வந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. டிசம்பர் மழை நாளொன்றில் முதல் கார்டு நின்றபோது, எல்லாப் போர்ட்டுகளும் விழுந்து எழுந்தன, ஐபி தொலைபேசிகள் உட்பட.

ஆகவே பராமரிப்பு நேரத்தில், ‘ரைட் மெமரி’ கொடுத்து அமைப்புகளைச் சேமித்துவிட்டு, ‘ரிடன்டன்சி ஃபோர்ஸ்-ஸ்விட்ச்ஓவர்’ கட்டளையால் மாற்றத்தை நீங்களே நிகழ்த்தி, பக்கத்தில் ஒரு கணினியில் தொடர்ந்து பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓடவிட்டு எத்தனை பாக்கெட்டுகள் தொலைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நெட்வொர்க் வழியாகச் சுவிட்சுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அந்த நொடியில் துண்டிக்கப்படும் என்பதால், இரு கார்டுகளிலும் நேரடியாக இணையப் பயன்படும் கன்சோல் போர்ட்டில் கேபிள் செருகியிருப்பது அவசியம். ஒன்றில் மட்டும் செருகிவிட்டு, இருட்டில் தவிப்பவர்களே அதிகம். இரு பவர் சப்ளைகளும் வெவ்வேறு யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.