அயர்லாந்தின் ஏரி நாட்டில் ஐந்து நாள் சைக்கிள் சுற்று: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஏரிக்கரைச் சாலை என்றதும் ஏற்ற இறக்கமில்லாத சமதளச் சாலை என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அயர்லாந்துத் தீவின் வடமேற்கில் லீட்ரிம், காவன், ஃபெர்மனா ஆகிய மூன்று கவுண்டிகளில் (மாவட்டங்களில்) பரந்து கிடக்கும் ஏரி நாட்டில் அந்த எண்ணம் முதல் அரை மணி நேரத்திலேயே கலைந்துவிடும். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டு சென்று, இரண்டாம் நாள் பிற்பகலிலேயே ஒரு சிற்றூர்க் கடை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டவன் நான். அன்று பாதியில் விட்ட வழியைச் சுருக்கி, அடுத்த முறை ஐந்து நாளில் நிதானமாகச் சுற்றி வந்தேன். மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர் கொண்ட அந்தச் சுற்றைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கடைசிப் பனியூழியில் இந்தப் பகுதியை மூடியிருந்த பனிப்படலம் நகர்ந்தபோது, அதன் அடியில் சிக்கிய களிமண்ணும் கற்களும், அவித்த முட்டையை நீளவாக்கில் வெட்டிக் கவிழ்த்து வைத்ததுபோன்ற குன்றுகளாகப் படிந்தன. இவற்றுக்கு டிரம்லின் என்று பெயர். முதுகு, முகடு என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து அது வந்தது. இந்த வட்டாரத்தில் 'டிரம்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பலவும் அதே சொல்லைத்தான் சுமக்கின்றன. குன்றுகளுக்கு நடுவே வடிய வழியின்றித் தேங்கிய நீரே இங்குள்ள நூற்றுக்கணக்கான சிற்றேரிகள். ஆகவே ஏரிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றனவோ, அங்கே ஏற்றங்களும் நெருக்கமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குன்றும் சில பத்து மீட்டர் உயரந்தான். ஆனால் காலையிலிருந்து பதினைந்து குன்றுகளைக் கடந்த பிறகு அந்தச் சில பத்துகளின் கூட்டுத்தொகையைத் தொடைகள் சொல்லும். புதியவர்கள் நாளொன்றுக்கு 30 முதல் 45 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஏற்ற காலம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால், வழி தவறினாலும் பதற வேண்டியதில்லை. மழை எந்த மாதத்திலும் வரும். அதைத் தவிர்க்கும் உத்தி எதுவும் கிடையாது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். இந்தச் சுற்றை வடக்கே போய்த் தெற்கே திரும்புமாறு அமைத்திருப்பதால், முதல் நாட்களில் காற்று முதுகைத் தள்ளவும், கடைசி இரண்டு நாட்களில் முகத்தில் அறையவும் கூடும். உடல் பழகாத முதல் நாட்களில் காற்றின் உதவி கிடைப்பது நல்லது என்றே நான் இந்தத் திசையைப் பரிந்துரைக்கிறேன்.

படி 3: சைக்கிளையும் மூட்டையையும் தயார் செய்யுங்கள்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. இலகுவான கியர்தான் தேவை. முன்புறச் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்களுக்கு மிகாமலும், பின்புறப் பெரிய பல்சக்கரத்தில் 34 பற்களுக்குக் குறையாமலும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்றே சுற்றும். சுமையோடு ஏற இது போதும். டயரின் அகலம் 32 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மட்கார்டு இல்லாத சைக்கிளில் இங்கே வராதீர்கள், ஏனெனில் சாலையில் கிடப்பது வெறும் மழைநீர் அன்று; மாடுகள் வயலுக்கும் கொட்டிலுக்கும் நடந்து விட்டுச்சென்ற சாணம் கலந்த குழம்பு அது.

சுமையை முதுகில் மாட்டாமல் பின்புறக் கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் சம எடையாகப் பிரித்து வையுங்கள். பை நீர்புகாதது என்று விற்றவர் சொன்னாலும், காலுறைகளையும் இரவு உடையையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் சுற்றியே உள்ளே வையுங்கள். இரண்டு ட்யூப், பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், செயினுக்கு எண்ணெய், முன்னும் பின்னும் விளக்கு ஆகியவை கட்டாயம். காற்று ஓய்ந்த மாலைகளில் ஏரிக்கரையில் மிட்ஜ் எனும் நுண்பூச்சிகள் மொய்க்கும் என்பதால், பூச்சி விரட்டும் தைலம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ரயிலையும் ஆவணங்களையும் முடித்துவிடுங்கள்

டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ செல்லும் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்தால் கேரிக்-ஆன்-ஷானன் வந்துவிடும். ரயிலில் சைக்கிளுக்கான இடங்கள் மிகக் குறைவு. உங்களுக்குச் சீட்டு எடுக்கும்போதே சைக்கிளுக்கும் முன்பதிவு செய்யுங்கள்.

இதைவிட முக்கியமானது விசா. லீட்ரிமும் காவனும் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தவை. ஃபெர்மனாவோ வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில் இருக்கிறது. எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று ஆகிவிடாது. விசா தேவைப்படும் நாட்டின் கடவுச்சீட்டு உடையவர்கள், இரு பக்கமும் செல்ல அனுமதி இருக்கிறதா என்பதை வீட்டிலிருந்து கிளம்புமுன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

படி 5: ஏற்றம் ஏறும் முறையைப் பழகுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, குன்றின் நடுவில் மூச்சு முட்டிய பிறகு கியரை மாற்றுவது. அழுத்தத்தில் இருக்கும் செயின் அப்போது கடகடத்துக் கழன்றுவிடும். இறக்கத்தில் வரும்போதே அடுத்த ஏற்றத்தைப் பாருங்கள். அடிவாரத்தைத் தொடும் வரை பெரிய கியரில் மிதித்து வேகத்தைச் சேருங்கள். வேகம் குறையத் தொடங்கும் அந்தக் கணத்தில், பெடலின் மேல் காலைச் சற்றுத் தளர்த்தி, ஒவ்வொரு படியாகக் கியரை இறக்குங்கள். சேர்த்த வேகம் குன்றின் பாதியைத் தானே ஏற்றிவிடும். ஆனால் குறுகிய சந்துச் சாலைகளில் இந்த உத்தியை அளவோடு பயன்படுத்துங்கள். நடுவில் புல் முளைத்திருக்கும் சாலை என்றால், அதில் கார்கள் அரிதாகவே வருகின்றன என்று பொருள். அதே சமயம் வளைவுக்கு அப்பால் ஒரு டிராக்டர் சாலையின் முழு அகலத்தையும் அடைத்து நிற்கலாம் என்றும் பொருள். ஈரமான சாணத்தின் மேல் பிரேக் பிடிப்பதும் வாழைப்பழத் தோலின் மேல் கால் வைப்பதும் ஒன்றுதான்.

படி 6: முதல் இரண்டு நாட்கள், ஆலன் ஏரி வழியாக

முதல் நாள் வேண்டுமென்றே குறுகியது, சுமார் 15 கிலோமீட்டர். கேரிக்கிலிருந்து லீட்ரிம் கிராமம் வந்து, ஆலன் ஏரிக்குச் செல்லும் பழைய கால்வாயின் கரையோரமாக டிரம்ஷான்போ ஊரை அடையுங்கள். ஊருக்குச் சற்று முன்னால் ஏக்கர்ஸ் ஏரியில் நீரின் மேலேயே மிதக்கும் நடைபாதை ஒன்று உண்டு. நடப்பவர்கள் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்.

இரண்டாம் நாள் ஆலன் ஏரியின் கிழக்குக் கரையில், ஸ்லீவ் அனீரன் மலையின் அடிவாரமாக வடக்கே டௌராவுக்குச் செல்ல வேண்டும். அம்மலையின் பெயருக்கு இரும்பு மலை என்று பொருள். அதில் கிடைத்த இரும்புத்தாதுவை ஒரு காலத்தில் இங்கே உருக்கினார்கள். டௌரா, ஷானன் ஆற்றின் கரையில் வரும் முதல் கிராமம். தண்ணீரையும் தின்பண்டத்தையும் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்து நெடுந்தொலைவுக்குக் கடை இல்லை. சற்றுச் சுற்றிச் சென்றால், குயில்கா மலைச்சரிவில் ஷானன் பாட் எனும் சிறு சுனையைக் காணலாம். அயர்லாந்தின் மிக நீளமான ஆறு, ஒரு கிணற்றளவே உள்ள அந்தக் கருநிறக் குட்டையில்தான் தொடங்குகிறது என்பதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும். இரவுத் தங்கல் பிளாக்லயன் கிராமத்தில். அறையை முன்பே பதிவு செய்யுங்கள். இரவு உணவு எத்தனை மணிவரை கிடைக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 7: எல்லையைக் கடந்து எனிஸ்கில்லன் வரை

மேல் மக்னீன், கீழ் மக்னீன் என்ற இரு ஏரிகளுக்கு இடையே உள்ள குறுகிய நிலத்தில், ஆற்றின் ஒரு கரையில் பிளாக்லயன், மறு கரையில் பெல்கூ. பாலத்தைக் கடந்தால் நாடு மாறிவிடும். எல்லையின் இரு பக்கமும் வண்டிகள் செல்வது சாலையின் இடப்புறந்தான். ஆனால் சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகும், எச்சரிக்கைப் பலகையின் மஞ்சள் சாய்சதுரம் சிவப்பு விளிம்புள்ள முக்கோணமாகும், யூரோ பவுண்டாகும், கிலோமீட்டர் மைலாகும். கடைசியாகச் சொன்னதில்தான் நான் ஏமாந்தேன். எனிஸ்கில்லன் 12 என்ற பலகையைப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று மதிய உணவைத் தள்ளிப்போட்டேன். அது 19 கிலோமீட்டர் என்று உறைத்தபோது பையில் ஒரு பிஸ்கட்டுகூட இல்லை. வாகன வேகமும் மாறும்: குடியரசில் ஊரகச் சிறு சாலைகளின் வேக வரம்பு 2025 பிப்ரவரியில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது, வட அயர்லாந்தில் ஊருக்கு வெளியே அது மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். எனவே பெல்கூவிலிருந்து நேராகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, மார்ல்பேங்க் மலைச்சாலையில் ஏறுங்கள்.

இந்தச் சுற்றிலேயே கடினமான ஏற்றம் இதுதான். இறங்கித் தள்ளுவதில் வெட்கம் எதுவும் இல்லை. கீழே மக்னீன் ஏரி தீவுகளோடு விரிவதைப் பார்க்க அந்த வேகமே ஏற்றது. வழியில் மார்பிள் ஆர்ச் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மார்தெலும் அவருடன் சென்ற தோழரும் 1895இல் ஆராய்ந்த இக்குகைகள் 1985இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பிறகு ஃபுளோரன்ஸ் கோர்ட் மாளிகைத் தோட்டம் வரும். உலகெங்கும் வளரும் ஐரிஷ் யூ எனும் ஊசியிலை மரங்களுக்கெல்லாம் தாயான மரம் அங்கே இன்றும் நிற்கிறது. எனிஸ்கில்லன், மேல் எர்ன் ஏரிக்கும் கீழ் எர்ன் ஏரிக்கும் நடுவே ஒரு தீவின்மேல் அமைந்த ஊர். இங்கே ரயில் கிடையாது. இருந்த பாதைகள் 1957இல் மூடப்பட்டன. உடல் ஒத்துழைக்காவிட்டால் இங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, டெவனிஷ் தீவிலுள்ள பழைய மடாலயத்தையும் உருளை வடிவக் கோபுரத்தையும் படகில் சென்று காணலாம். இன்னும் நீண்ட பயணம் விரும்புவோருக்கு, 8 வடிவில் சுமார் 480 கிலோமீட்டர் செல்லும் கிங்ஃபிஷர் சைக்கிள் பாதையும் இவ்வூர் வழியே போகிறது. முதல் பயணத்தில் அதைத் தொட வேண்டாம்.

படி 8: கால்வாயோரமாகத் திரும்புதல்

நான்காம் நாள் மேல் எர்ன் ஏரியின் மேற்குப் பக்கமாக டெரிலின் வழியே பாலிகானல், சுமார் 40 கிலோமீட்டர். வரைபடத்தில் ஏரி எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத பகுதி இது. கரையை ஒட்டிச் செல்வதாகத் தோன்றும் சிறு சாலைகள் பல படகுத்துறையில் போய் முட்டி நின்றுவிடும் என்பதால், கைப்பேசி காட்டும் குறுக்குவழியை நம்பித் திரும்புமுன் வரைபடத்தைப் பெரிதாக்கி, சாலை மறுபுறம் தொடர்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் நாள் பாலிகானலிலிருந்து பாலினமோர், கெஷ்காரிகன் வழியாகக் கேரிக், சுமார் 45 கிலோமீட்டர். துணைக்கு வருவது ஷானன்-எர்ன் நீர்வழி. 1860இல் கட்டி முடிக்கப்பட்டு, ரயிலோடு போட்டியிட முடியாமல் பத்தாண்டுக்குள் கைவிடப்பட்ட இந்தக் கால்வாய், 1994இல் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் 16 மதகுகள் இதில் உள்ளன. ஏதேனும் ஒரு மதகின் அருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு படகு ஏறி இறங்குவதைப் பாருங்கள்: உள்ளே படகு நுழைந்ததும் கதவு மூடும், நீர் பொங்கும், கயிற்றைப் பிடித்திருப்பவரின் தலை மெல்லக் கரைக்கு மேலே தெரியவரும். நாம் தொடையால் ஏறிய உயரத்தை அவர்கள் தண்ணீரால் ஏறுகிறார்கள்.

கேரிக்கின் ரயில் நிலையம் ஆற்றுக்கு மறுகரையில், ரோஸ்காமன் கவுண்டிப் பக்கம் இருக்கிறது. பாலம் கடக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ரயிலுக்கு அரை மணி நேரம் முன்பாக வந்து, சக்கரத்திலும் மட்கார்டுக்கு அடியிலும் அப்பியிருக்கும் ஐந்து நாள் சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிவிடுங்கள். பைகளை முன்பே கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டால், வண்டி நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில் சைக்கிளை ஒரே கையால் தூக்கி ஏற்றிவிடலாம்.