கோழிக்கால் எலும்பை உடைத்துப் பார்ப்போம்: முதல் எலும்பு வலிமைச் சோதனை

எலும்பு வலிமை என்றதும் கால்சியம்தான் பலருக்கு ஞாபகம் வரும். அது பாதிக் கதை. மீதி, எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம். அதை இளங்கலை மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

எலும்பு வாங்குவது

கறிக்கடையில் "ஒரே கோழியோட ரெண்டு காலையும் சேர்த்துக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். பத்து ஜோடியாவது வேண்டும். கோழிக்குக் கோழி எலும்பு மாறும். ஒரே கோழியின் இடக்காலும் வலக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஒன்றை வினிகரில் போட்டு மற்றதோடு ஒப்பிடப்போகிறோம். எந்தக் கால் வினிகருக்கு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

சுத்தம் செய்வது

கையுறை போட்டுக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே முருங்கைக்காய் போல நீண்டிருக்கும் டிபியா எலும்பிலிருந்து கறியை ஸ்கால்பலால் வழித்தெடுங்கள். வேகவைத்தால் சுலபமாகக் கழன்று வரும்தான். ஆனால் சூட்டில் கொலாஜன் புரதம் கெட்டுவிடும், சோதனையே வீண்.

ஈரம் காப்பது

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். காய்ந்த எலும்பு விறைப்பாகி, வளையாமல் படக்கென்று முறியும். உடம்புக்குள் இருக்கும் எலும்பு அப்படியில்லை. 0.9% உப்புக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். சோதனைக்கு முன் உப்புக் கரைசலிலேயே உருக விடுங்கள்.

வினிகர் கனிமத்தைக் கரைக்கும், கொலாஜனை விட்டுவைக்கும். சில நாட்கள் ஃபிரிட்ஜில் ஊறட்டும், வினிகரை அவ்வப்போது மாற்றுங்கள். ஜோடி எலும்பும் அதே ஃபிரிட்ஜில், அதே நாட்கள், உப்புக் கரைசலில் ஊற வேண்டும்.

உடைப்பது

இரண்டு தாங்கிகளுக்கு நடுவே 50 மி.மீ. இடைவெளி, அழுத்தம் நட்டநடுவில். சிவில் துறையில் இரும்புக் கம்பி இழுக்கும் பெரிய யுடிஎம் (பொருளின் வலிமையைச் சோதிக்கும் எந்திரம்) வேண்டாம். சில நூறு நியூட்டன் விசையை அது சரியாகக் காட்டாது. சின்ன லோடு செல் (விசையை அளக்கும் உணரி) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எலும்பு உருளும், எனவே எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம் கீழே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம், சில்லு தெறிக்கும்.

திரையில் வரும் வரைபடத்தைக் கவனியுங்கள். தொடக்கச் சாய்வு விறைப்பு, உச்சி முறிவு விசை, கோட்டுக்குக் கீழான பரப்பு எலும்பு உள்வாங்கிய ஆற்றல். வினிகர் எலும்பின் கோடு படுத்தே கிடக்கும். நன்றாக ஊறியது முறியாமல் ரப்பராக வளையவும் கூடும்.

கணக்கு

முறிந்த இடத்தில் வெளி விட்டத்தையும் உள் விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். வட்டக் குழாய் என்று வைத்துக்கொண்டால், 8 மி.மீ., 5.5 மி.மீ. விட்டங்களுக்கு, குறுக்குவெட்டு வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் I = π/64 × (8⁴ − 5.5⁴), சுமார் 156 மி.மீ.⁴. விசை 250 நியூட்டன் என்றால் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) = FLc/4I, F விசை, L தாங்கிகளின் இடைவெளி, c வெளி ஆரம்; விடை சுமார் 80 மெகாபாஸ்கல். விட்டம் நான்காம் அடுக்கில் வருவதால் அளவைப் பிழை பலமடங்காகும்; மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். எலும்பு குட்டை என்பதால் இந்த எண்ணைப் புத்தக மதிப்போடு ஒப்பிடாதீர்கள், ஜோடிக்குள் ஒப்பிட்டால் போதும். அதற்கு இணை டி-சோதனை என்ற புள்ளியியல் முறை உதவும்.

நேரமிருந்தால் மூன்றாவது குழு எலும்புகளைச் சூட்டடுப்பில் (oven) சுட்டுப் பாருங்கள். அதில் கனிமம் இருக்கும், கொலாஜன் சிதைந்திருக்கும். லேசாக வளைப்பதற்குள் பொடிந்துவிடும். மருத்துவமனை டெக்ஸா ஸ்கேன் அளப்பது கனிம அடர்த்தியைத்தான். அதனால்தான் முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃபிராக்ஸ் கருவி வயது, முந்தைய முறிவு, ஸ்டீராய்டு மருந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறது.