கேரவன் ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

புதிதாகக் கேரவன் வாங்கிய நண்பர் போன வாரம் ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் ஓடவே இல்லை, போச்சு" என்றார். அந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸரே கிடையாது. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். ஆரம்பத்தில் நானும் இப்படிக் காதை வைத்தவன்தான்.

கேஸிலும் கரண்டிலும் ஓடும் கேரவன் ஃப்ரிட்ஜ் சூட்டில் வேலை செய்வது. யூனிட் என்று சொல்லும் மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். கீழே தீயோ ஹீட்டரோ சூடேற்ற, அம்மோனியா பிரிந்து ஆவியாக மேலே ஏறும். அங்கே சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். பிறகு உள்ளே மறுபடி ஆவியாகும்போது குளிரும். அசையும் பாகம் ஒன்றும் இல்லை, அதனால் சத்தமும் இல்லை.

யூனிட் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது

என் பணத்தைத் தின்ற தவறு இது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

என் ஃப்ரிட்ஜ் விடியற்காலையில் 4 டிகிரி காட்டும், பிற்பகலில் 14. பார்க்க வந்த மெக்கானிக் முதுகுப் பக்கத்தைத் திறக்காமலேயே, "அம்மோனியா லீக், யூனிட்டை மாத்தணும்" என்றார். லீக் ஆன யூனிட் காலையில் மட்டும் எப்படி 4 டிகிரிக்கு இறங்கும்? அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. புது யூனிட் போட்டேன். அடுத்த வெயில் நாளில் மறுபடி 14.

அப்புறம்தான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வண்டியின் வெளிப்பக்கம் உள்ள காற்று ஜன்னலைக் கழற்றிப் பார்த்தேன். சூட்டை வெளியே விடும் பின்பக்கத் தகடுகளுக்கும் (ஃபின்) வண்டிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதனால் சூடான காற்று கூரைத் துளை வழியே வெளியேறாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. காற்று ஃபின்களை உரசிக்கொண்டு மேலே போகும்படி ஒரு தகரத்தை வளைத்து வைத்து, சின்ன ஃபேன் ஒன்றையும் மாட்டினேன். வேலை முடிந்தது. நல்ல நிலையில் இருந்த பழைய யூனிட் அதற்குள் பழைய இரும்புக்குப் போயிருந்தது.

யூனிட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கக் கரண்டில் மட்டும் ஓட்டுங்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள். மறுநாள் ராத்திரி கேஸில் மட்டும். ஒன்றில் குளிர்ந்து மற்றதில் குளிராவிட்டால் யூனிட் நன்றாக இருக்கிறது, கோளாறு சூடேற்றும் பக்கம். இரண்டிலும் குளிராவிட்டாலும் அவசரம் வேண்டாம். ஹீட்டருக்குச் சரியான வோல்டேஜ் வருகிறதா, ஃப்ரிட்ஜுக்குள்ளே குளிரும் ஃபின்னில் மாட்டிய வெப்பச் சென்சார் சரியா என்று பாருங்கள். சூடு ஒழுங்காக ஏறியும் குளிர் வரவில்லையென்றால்தான் யூனிட்.

சந்தேகமே இல்லாத அடையாளங்களும் உண்டு: உள்ளே அம்மோனியா நெடி, பின்னால் குழாய்களில் மஞ்சள் தூள். அந்தத் தூள் துருப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் சோடியம் குரோமேட். விஷம், கையால் தொடாதீர்கள். ஃப்ரிட்ஜை அணைத்து, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிடுங்கள்.

சாய்வாக நிறுத்தி ஓட விடுவது

உள்ளே இருக்கும் திரவம் தானாகச் சரிந்துதான் கீழே திரும்ப வேண்டும், தள்ளிவிட பம்ப் இல்லை. வண்டி சாய்ந்து நின்றால் அது வழியில் தேங்கும், கீழே சூடேறும் கொதிகுழாய் அளவுக்கு மீறிக் காயும், சோடியம் குரோமேட் கட்டியாகிக் குழாயை அடைக்கும். பிறகு வண்டியைச் சமமாக நிறுத்தினாலும் அந்த அடைப்பு கரையாது. ஓடும்போது குலுங்குவதால் அவ்வளவு பாதிப்பில்லை, நிற்கும்போதுதான் ஆபத்து. ஃப்ரீஸர் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜைப் போட்ட 2 மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்வது

அது குளிர ஒரு ராத்திரி பொறுங்கள்.

சுத்தம் செய்ய பர்னர் துளையில் ஊசி விடுவது

வேண்டாம். துளை பெரிதானால் தீ கெட்டுவிடும்.

கேஸில்தானே ஓடுகிறது, பேட்டரி எதற்கு என்பது

எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃப்ரிட்ஜ் என்றால், கேஸில் ஓடும்போதும் போர்டுக்கும் கேஸ் வால்வுக்கும் 12 வோல்ட் வேண்டும். பேட்டரி முனையில் அளந்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டிலேயே அளக்க வேண்டும். காதை வைத்துக் கேட்ட நண்பரின் வண்டியில் பேட்டரியில் 12.6, போர்டில் 9 சொச்சம். எர்த் வயரின் முனை முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம், பர்னர் எரிய ஆரம்பித்தது. அவர் அதற்குள் புது யூனிட்டுக்கு விலை விசாரித்திருந்தார்.