வெப்பமண்டல நகரில் சொகுசுக் குடியிருப்புக் கோபுரத்தை வடிவமைப்பது எப்படி?

வெப்பமண்டல நகரில் உயரமான குடியிருப்புக் கோபுரத்தை வரையத் தொடங்குபவர் முதலில் மேற்குச் சுவரைத் தீர்மானிக்க வேண்டும். நண்பகலில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலே நிற்பதால், வடக்கு, தெற்கு முகங்களைச் சற்றே நீட்டிய தளமே நிழலில் வைத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தாழ்ந்து வரும் வெயிலோ அந்த நீட்டத்தின் அடியில் புகுந்து வரவேற்பறையின் உட்சுவர் வரை வந்துவிடும். ஆகவே கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் லிப்ட், படிக்கட்டு, குளியலறை, துணி உலர்த்தும் இடம் ஆகியவற்றை அடுக்கினால் அவையே படுக்கையறைகளுக்குக் குடையாகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் ஆண்டின் ஒரு பகுதியில் வெயில் வடக்கிலிருந்தும் சாய்ந்து விழும்; குளிர்நாட்டுப் பாடநூல்களில் பயின்றவர்கள் இதை மறந்து வடக்கு முகத்தை வெறும் கண்ணாடியாக விட்டுவிடுகிறார்கள்.

கடல் மேற்கே இருந்து, வாங்குபவர் கடலையே கேட்டால் என்ன செய்வது? மும்பையில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983-இல் முடிவடைந்த காஞ்சன்ஜங்கா குடியிருப்பு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அங்கே கடற்காற்றும் நல்ல காட்சியும் வருகிற திசைகளிலிருந்தே கடும் வெயிலும் பருவமழையும் வருகின்றன. கொரியா பழைய பங்களாக்களின் சுற்றுத் தாழ்வாரத்தை நினைத்து, 28 மாடிக் கோபுரத்தின் மூலைகளைக் குடைந்து, இரண்டு மாடி உயரமுள்ள தோட்ட மாடங்களை அமைத்தார். வெயிலும் சாரலும் முதலில் அந்த மாடத்தில் தங்கிவிடுகின்றன. அறை அதற்குப் பின்னால் இருக்கிறது. விற்பனைப் பரப்பு குறையும் என்று கட்டுநர் முறையிடுவது உறுதி. ஆனால் பகலெல்லாம் திரைச்சீலை மூடிக் கிடக்கும் அறையில் காட்சிக்கென்று கொடுத்த விலை வீண்தான்.

அடுத்தது காற்று. ஒரு தளத்தில் எட்டு வீடுகளை நடுக்கூடத்தின் இருபுறமும் நெருக்கினால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத்தில்தான் ஜன்னல் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் உயரத்தின் இரண்டரை மடங்கு ஆழம் வரையே காற்று பயன்படும் என்பதும், எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் ஐந்து மடங்கு வரை செல்லும் என்பதும் நடைமுறைக் கணக்கு. மூன்று மீட்டர் உயர அறைக்கு இது ஏழரை மீட்டருக்கும் பதினைந்து மீட்டருக்கும் உள்ள வேறுபாடு. எனவே தளத்துக்கு இரண்டு, மிஞ்சினால் நான்கு வீடுகள் போதும். பாங்காக்கில் வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2009-இல் முடிந்த 'தி மெட்' கோபுரம் முழுக் கட்டடத்தையே இடைவெளி விட்டுப் பிரித்து, வீடுகளின் ஊடே காற்றுக்கு வழிவிடுகிறது. சிங்கப்பூரில் அதே நிறுவனம் வடிவமைத்த மௌல்மெய்ன் ரைஸ் குடியிருப்பின் 'மழைக்கால ஜன்னல்' இன்னும் எளிமையானது: வெளியே பிதுங்கிய ஜன்னலின் அடிப்பகுதியில் கிடைமட்டமாக ஒரு திறப்பு. மழை பெய்யும்போதும் காற்று கீழிருந்து உள்ளே வரும், நீர் வராது.

இவ்வளவு செய்தாலும் ஏசி இல்லாமல் சொகுசு வீடு விற்காது. அதன் வெளிப்புற இயந்திரங்களைக் குறுகிய குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே நான் அதிகம் காணும் பிழை. கீழ்த்தள இயந்திரங்கள் விடும் வெப்பம் மேலே ஏறி, உச்சித் தளங்களின் இயந்திரங்களைத் திணறடிக்கும். அதிக விலை கொடுத்தவர் வீடே குளிராமல் நிற்கும். அகன்று திறந்த இடத்தில், பழுதுபார்ப்பவர் அச்சமின்றி நிற்கக்கூடிய தளத்தோடு அவற்றை வைக்க வேண்டும். குளிர்நாட்டுக்கு மாறாக இங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே செல்வதால், நீராவித் தடுப்புப் படலம் சுவரின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும்; இடம் மாறினால் சுவருக்குள் பூஞ்சை பிடிக்கும்.

உயரத்தில் மழை பக்கவாட்டில் அடிக்கும், சில நேரம் சுவரோடு மேல்நோக்கியும் ஏறும். பால்கனித் தளம் அறைத் தளத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்தின் அடிவிளிம்பிலும் நீர் சொட்டி விழ ஒரு காடி, அதாவது குறுகிய பள்ளக்கோடு, வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் வெளியேற இன்னொரு வழியும் வேண்டும். மேல்மாடிகளில் பால்கனி வெளியே நீட்டாமல் உள்ளடங்கி இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் நாற்காலிகூட நிற்காது.

மாடித் தோட்டங்களை விளம்பரப் படத்தில் சேர்ப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். ஒரு மீட்டர் ஆழ ஈரமண் சதுர மீட்டருக்கு இரண்டு டன் வரை எடை தரும். குடியிருப்பு அறைக்கு வழக்கமாகக் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை ஏறத்தாழ 200 கிலோதான். மரத்தின் வேர்ப்பந்தைக் கட்டி நிறுத்த வேண்டும்; தோட்டக்காரர் வீட்டுக்குள் நுழையாமலே செடியை அடைய வழி வேண்டும். அந்த வழி இல்லாத தோட்டம் விரைவில் வெறும் தொட்டியாகிவிடும்.

குழாய் நீருக்கு எளிய கணக்கு போதும்: பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு 'பார்' (அழுத்தத்தின் அலகு) அழுத்தம். 40 மாடி, மாடிக்கு 3.2 மீட்டர் என்றால் உச்சித் தொட்டியிலிருந்து அடித்தளத்தில் 12.8 பார். எந்தக் குளியலறைக் குழாயும் இதைத் தாங்கி நன்றாக வேலை செய்யாது. இடைத் தொட்டிகளாலும் அழுத்தம் குறைக்கும் வால்வுகளாலும் கோபுரத்தை மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும். வெள்ளம் வரும் ஊரில் ஜெனரேட்டரையும் மின்மாற்றியையும் நிலவறையில் வைக்கவே கூடாது. பணியாளர்களுக்கும் பொருள்களுக்கும் தனி லிப்ட் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தீயைப் பற்றி ஒரு சொல். 2017-இல் லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததற்கு, பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகள் தீயை முகப்பு முழுவதும் பரப்பியதே முதன்மைக் காரணம். நிழல் தரும் தடுப்புகளும் முகப்புப் பலகைகளும் எரியாத பொருளாகவே இருக்கட்டும். இரண்டு தனித்தனிப் படிக்கட்டுகளிலும் புகை நுழையாதபடி காற்றழுத்தம் தரப்படட்டும்.

முகப்புப் பொருள்களுக்கு ஆணை கொடுக்கும் முன், ஜன்னல், தடுப்பு, பால்கனி விளிம்பு மூன்றும் அடங்கிய ஒரு பகுதியை முழு அளவில் கட்டி, விசையோடு நீரும் காற்றும் அடித்துச் சோதிக்க வேண்டும். அங்கே கசியும் ஒரு மூலையை வரைபடத்திலேயே திருத்திவிடலாம். நாற்பதாவது மாடியில் அதே மூலைக்குச் சாரம் கட்ட வேண்டியிருக்கும்.