மாதிரிக் கட்சிக்காரரை வைத்துப் பயிற்சி: எங்கே தவறுகிறது?

சட்டக் கல்லூரிகளில் மூட் கோர்ட்டுக்கு, அதாவது மாதிரி நீதிமன்றத்தில் வாதாடும் பயிற்சிக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட, வக்கீலைத் தேடி வரும் கட்சிக்காரரிடம் பேசிப் பழகுவதற்குக் கிடைப்பதில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் கேட்பதெல்லாம் இரண்டு சந்திப்புகளைப் பார்த்து டைரியில் எழுதுவதைத்தான், அதற்கு 15 மதிப்பெண். பார்த்து எழுதினால் பேச வந்துவிடுமா? அதனால் ஒருவரைக் கட்சிக்காரராக நடிக்கவைத்துப் பழக்குவது நல்ல ஏற்பாடு. ஆனால் அதைக் கெடுப்பதும் சுலபம்.

வகுப்புத் தோழரையே கட்சிக்காரராக உட்காரவைப்பதுதான் முதல் தவறு. அவர் வாயைத் திறந்ததுமே "138 நோட்டீஸ் அனுப்பலாமா?" என்பார். செக் திரும்பினால் வழக்குப் போட வழிசெய்யும் சட்டப்பிரிவின் எண் அது. கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் அம்மா அப்படியா கேட்பார்? "பாண்டிக்காரர் ஒருத்தர் செக் கொடுத்தாரு தம்பி, பணம் இல்லைன்னு பேங்க்ல திருப்பிட்டாங்க. போன மாசம்தான்" என்பார்.

அந்தப் 'போன மாசம்'தான் வழக்கே. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். மாணவரோ 'சென்ற மாதம்' என்று குறித்துக்கொண்டு தலையாட்டுவார். செக் திரும்பியதாக பேங்க் கொடுக்கும் மெமோ எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கேட்க மாட்டார். அப்புறம், செக் கொடுத்தவர் பாண்டியில் இருப்பதால் வழக்கும் பாண்டியில்தான் என்று முடிவு கட்டிவிடுவார். அந்தச் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைக் கணக்கில் போட்டு வசூலிக்கும்போது, போட்டவரின் கணக்கு இருக்கும் கிளையே எந்த ஊர்க் கோர்ட் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த அம்மாவின் கணக்கு கடலூரில் என்றால் வழக்கும் கடலூரில்தான். "எந்த பேங்க்ல போட்டீங்கம்மா?" என்ற ஒரு கேள்வி போதும்.

நடிப்பவருக்குத் தரும் குறிப்பில் இதையெல்லாம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தேதியும் கிளையும் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை. தானாகக் கொட்டிவிட்டால் மாணவருக்கு வேலையே இல்லை. கேட்டும் மழுப்பினால் அது வெறும் வம்பு. இன்னொன்று, எல்லா மாணவரிடமும் அவர் ஒரே கதையை ஒரே மாதிரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் போடுவதில் நியாயம் இருக்காது.

கட்சிக்காரரைத் தனியாக அனுப்புவதும் தவறு. நம் ஊரில் யார் வக்கீலிடம் தனியாக வருகிறார்கள்? கூடவே ஒரு மச்சான் வருவார், எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். அவரையும் நடிக்கவையுங்கள். "அண்ணே, அஞ்சு நிமிஷம் வெளியே இருங்க" என்று மனம் நோகாமல் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். மூட் கோர்ட்டில் கோப்பை வாங்கியவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

பாண்டிச்சேரி மாணவருக்குச் சென்னையிலிருந்து வாங்கிய கதையை அப்படியே கொடுக்காதீர்கள். பாண்டிச்சேரியில் சில குடும்பங்களின் முன்னோர், 1881 பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் மதம், சாதி சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள். அவர்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. மணவிலக்குக் கேட்டு வருபவரிடம் குடும்பப் பின்னணியை விசாரிக்காமல் அந்தச் சட்டத்தின் பிரிவு எண்ணை எடுத்துவிடும் மாணவர், அஸ்திவாரத்திலேயே சறுக்குகிறார்.

"கண்டிப்பா ஜெயிச்சுடலாம்மா" என்று வாக்குக் கொடுப்பது, ஃபீஸ் பேச்சு வந்ததும் கூரையைப் பார்ப்பது: இவற்றை அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

மதிப்பெண் முழுவதையும் ஆசிரியரே வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2000-களின் நடுவில் இதை முறையாகச் செய்தபோது, பயிற்சி பெற்ற மாதிரிக் கட்சிக்காரர்களே மாணவரை மதிப்பிட்டார்கள். காதுகொடுத்துக் கேட்டாரா, புரியும்படி சொன்னாரா, இவரிடம் திரும்ப வருவீர்களா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்தான்.

கடைசியாக, சட்ட உதவி மையத்துக்கு வந்த நிஜ வழக்கைப் பெயர் மட்டும் மாற்றிக் கதையாக்காதீர்கள். கடலூர் சின்ன ஊர். தெரு, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் அப்படியே இருந்தால், யார் என்று மாணவர்களில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார்.