திரைவாசிப்பான் பாதியில் ஊமையானால்: என் அனுபவம்

கணினியோடு சேர்ந்தே வந்த திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்), நீளமான இணையப் பக்கங்களில் பாதி வரியிலேயே ஊமையாகிவிடும். பார்வையில்லாத எனக்கு அது நின்றால் திரையே இல்லை. வங்கிப் படிவத்தில் ‘சமர்ப்பி’ மேல் இருக்கிறேனா, ‘ரத்து’ மேலா என்றுகூடத் தெரியாது. குரலை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், பலனில்லை.

அப்புறம் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவை (NVDA) நிறுவினேன். அதிலுள்ள ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். உச்சரிப்பு கரடுமுரடுதான், ஆனால் விசையைத் தொட்டதும் பதில் வருகிறது. எப்போதாவது உறைந்தாலும் கண்ட்ரோல், ஆல்ட், N ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் போதும், மறுபடி பேசத் தொடங்கும். இரண்டு வாசிப்பான்களையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று பேசும். பென்டிரைவிலும் என்விடிஏவின் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், வேறு கணினிகளில் நிறுவாமலே ஓடும்.