கட்டுநாயக்காவுக்கு ஆள் ஏற்றப் போகும்போது

யாழ்ப்பாணத்தில் வீடு எடுத்து, காஸ் சிலிண்டர் வாங்கி, ஒருவழியாகக் குடியமர்ந்துவிட்டீர்களா? சரி, இனி உறவுக்காரர் வரத் தொடங்குவார்கள். சென்னையிலிருந்து நேரே பலாலி விமான நிலையத்தில் இறங்குபவர் என்றால் கவலை இல்லை. நகரிலிருந்து 20 கிலோமீற்றருக்குள்தான், ஓட்டோவிலேயே போய் வரலாம். கனடா, லண்டன், சுவிஸ் ஆட்கள் இறங்குவது கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில். அது 350 கிலோமீற்றருக்கு மேல், ஏழெட்டு மணித்தியால ஓட்டம்.

பெரும்பாலும் பிசகுவது திகதியில்தான். டோகா, டுபாய் வழியாக வரும் விமானங்கள் பல சாமத்திலோ விடியப்புறத்திலோ இறங்கும். டிக்கெட்டில் ‘ஞாயிறு 1.30’ என்று இருந்தால் நீங்கள் சனி பின்னேரம் 3 மணிக்கே வெளிக்கிட வேண்டும். தொரொன்ரோவில் வெள்ளி இரவு ஏறியவர் இங்கே ஞாயிறு அதிகாலை வந்து சேருவதும் உண்டு. ஆகவே “எப்ப வெளிக்கிடுறியள் மாமி?” என்று கேட்டுப் பயனில்லை. டிக்கெட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, கொழும்பில் இறங்கும் நேரத்தைப் பாருங்கள்.

வான் பிடித்ததும் பெரியம்மா, பிள்ளைகள், பக்கத்து வீட்டுத் தம்பி என்று எல்லாரும் “நாங்களும் வாறம்” என்பார்கள். மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து இரண்டு பேர் வந்தால் அநேகமாக 23 கிலோப் பெட்டிகள் நான்கு, கைப்பைகள் வேறு. போதாததற்கு, கட்டுநாயக்கா வருகைப் பகுதியிலுள்ள தீர்வையற்ற கடைகளில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிறார்கள். மாமா பிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது அதை எங்கே ஏற்றுவது? டிரைவரோடு ஒருவர் போனால் போதும். கட்டிப்பிடித்து அழுவதை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாம்.

விமானம் இறங்கிவிட்டது என்று போனில் காட்டியதும் ஓடத் தேவையில்லை. குடிவரவு வரிசை, பெட்டி, கடை எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் தாராளமாகப் பிடிக்கும். அதுவரை டிரைவர் வாகனத் தரிப்பிடத்தில் கண்ணயரட்டும். வருபவர் உள்ளேயே சிம் எடுக்கலாம். இருந்தாலும் உங்கள் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் பறந்தவரின் போனில் சார்ஜ் இருக்குமென்று நம்ப முடியாது.

அப்புறம், ஏற்றிய கையோடு யாழ்ப்பாணம் திரும்ப டிரைவரை நெருக்காதீர்கள். பின்னேரத்திலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர் அவர். புத்தளம்–அநுராதபுரம் வீதியில் இரவில் யானையும் குறுக்கிடும். விமான நிலையத்துக்குக் கிட்ட உள்ள நீர்கொழும்பில் அறை எடுத்து விடியும்வரை படுத்துவிட்டு வாருங்கள். வாடகை பேசும்போதே இதைச் சொல்லி, டிரைவரின் சாப்பாட்டையும் படுக்கையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.